நாங்கள் தேர்ட் பார்ட்டி

அந்தக் கணக்காய்வாளரின் காலில் இரத்தம் வழிந்ததைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓடும் என் அண்ணன், எங்கள் வீட்டை வங்கியில் ஈடு வைத்து, மின்விசிறி இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் பங்காளியானான். அந்தக் கணக்காய்வாளர் கையெழுத்திட்ட கணக்கறிக்கையை நம்பித்தான் இறங்கினான். வெள்ளவத்தை அலுவலகத்தில் அதை அண்ணன் கையில் கொடுத்தவரும் அவர்தான். தெமட்டகொடைக் களஞ்சியம் நிறையச் சரக்கு என்று அதில் இருந்தது. கம்பனி மூழ்கிய பிறகு போய்ப் பார்த்தோம். பெட்டிகளுக்குள் செங்கல். ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க அந்த ஆளுக்குக் கை வலித்திருக்கிறது.

வீடு ஏலத்துக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் அண்ணனும் நானும் வெள்ளவத்தைக்குப் போனோம். அவர் அலுவலக வாசலில் காரில் ஏறப் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க பார்க்காம சைன் வச்சதாலதான் என்ர வீடு போகுது."

"தம்பி, நான் கம்பனிக்குத்தான் ஓடிட் செய்தனான். கம்பனி கேட்டா பதில் சொல்லுவன். நீங்க தேர்ட் பார்ட்டி. உங்களுக்கு நான் பொறுப்பில்லை. வேணுமெண்டா கோர்ட்டுக்குப் போங்கோ."

கோர்ட்டுக்குப் போக எங்களிடம் என்ன இருந்தது? அண்ணன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்தால் நான் ஒதுங்கி நிற்பேன்.

"என்ர ஓட்டோ ஆரையும் இடிச்சா, தேர்ட் பார்ட்டிக்குத்தானே இன்சூரன்ஸ்காரன் சல்லி குடுக்கிறான். உங்கட தொழில்ல மட்டும் தேர்ட் பார்ட்டி எண்டா நாயோ?"

அவர் கார்க் கதவைத் திறந்தார். அண்ணன் கொலரைப் பிடித்து இழுத்து அறைந்தான். பிறகு ஓட்டோவில் ஏறிப் பின்னுக்கு எடுத்து, முழு வேகத்தில் கார்க் கதவில் மோதினான். மறுபடியும் எடுத்து மறுபடியும் மோதினான். தெறித்த கண்ணாடி அவர் காலைக் கிழித்தது. அண்ணனின் நெற்றியும் பிளந்துவிட்டது. பழம் விற்கிறவன் ஒருவன் "அய்யே, எப்பா", அண்ணே வேண்டாம் என்று சிங்களத்தில் கெஞ்சினான்.

"இப்ப நீதான்டா தேர்ட் பார்ட்டி!" என்று அண்ணன் கத்தினான்.

"இன்னொருக்கா இடி அண்ணா!" என்று நானும் கத்தினேன்.

பொலிஸில் அண்ணனை உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். ஆனால் அந்த மனிதர், ஓட்டோவின் பிரேக் பிடிக்கவில்லை, இது விபத்துத்தான் என்று வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் வைத்தார். நல்ல மனிதர் என்றுகூட நினைத்துவிட்டேன், மூளை கெட்டவள். வேண்டுமென்றே இடித்தது என்றால் அண்ணனின் ஓட்டோ இன்சூரன்ஸிலிருந்து அவருக்குக் காசு வராது.

வீடு ஏலத்தில் போய், ஹெந்தளையில் எடுத்த வாடகை அறைக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு இன்சூரன்ஸிலிருந்து போன் வந்தது.

"உங்கட கேஸ் முடிஞ்சுது. தேர்ட் பார்ட்டிக்கு முழுக் காசும் குடுத்திட்டம்."

அண்ணன் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான்.