சாமி மாடத்துத் திரையில் ஒரு பாவாடை

சூடம் அணைந்து வெகு நேரம் ஆன பிறகும் துணியில் ஒரு வாசனை நிற்கும். கற்பூரமும் எண்ணெய்ப் புகையும் வாடிய துளசியும் சேர்ந்த அந்த வாசனையை நான் ஒரு முழு நாள் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன், கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

அப்போது எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருந்தது. கூடத்துச் சுவரிலேயே பதித்துக் கட்டிய மூன்று தட்டு அலமாரிதான் எங்கள் "சாமி மாடம்". அதற்குக் கதவு கிடையாது, நடுவில் விலகுகிற இரண்டு பாதித் திரைதான். வீட்டில் அதை "ஸ்கிரீன்" என்போம். அம்மாவின் கல்யாணத்தின்போது எடுத்த அரக்குக் கலர் நூல் சேலை முழங்கால் பக்கம் இற்றுப்போனதும், நல்லதாக இருந்த பாகத்தை வெட்டி அவளே தைத்தது. எங்கள் வீட்டில் சேலை கிழிந்தால் தலையணை உறை, உறை கிழிந்தால் அடுப்படிக்குப் "பிடிதுணி" என்று ஒரு வரிசை உண்டு. "சாமிக்குக் கட்டுனது மட்டும் அந்த வரிசைல வராதுடி" என்பாள் அம்மா. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்ட பிறகு விரலில் மிச்சம் இருப்பதை வலது பாதித் திரையின் கீழ் முனையில் துடைப்பாள். வாராவாரம் வியாழக்கிழமை துவைத்தும் அந்த முனையில் செம்மை போகவே இல்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து, அந்த ஈசன் புண்ணியத்தில் பிழைத்தார். சிதம்பரத்துக்கு வந்து நெய் விளக்குப் போடுகிறேன் என்று அம்மா வேண்டியிருந்தாள். ஐஸ் கம்பெனியில் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால், முழுப்பரீட்சை லீவில் நானும் அம்மாவும் மட்டும் போவதாக முடிவானது. எனக்கு இருந்த ஒரே நல்ல பாவாடை, பச்சையில் மஞ்சள் பூ போட்டது, முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது.

"யூனிஃபார்ம போட்டுக்க. சாமி ஒன்னிய பாப்பாரா, ஒன் துணிய பாப்பாரா?" என்றாள் அம்மா.

லீவு நாளில் ஊதா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்காருவதா! பொன்னம்பலத்தை முதல் முதலாகப் பார்க்கப் போகிற எனக்கு அது தாங்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கண்டுகொள்ளவில்லை.

வியாழக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தாள். துவைத்த திரை கொடியில் தொங்கியது. கடல் காற்று புகுந்து இரண்டு பாதியும் உப்பி, உள்ளே யாரோ ஒரு பெண் நிற்பது போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேலே ஸ்பிரிங் கம்பி நுழைப்பதற்காக அம்மா மடித்துத் தைத்திருந்த மடிப்பைப் பார்த்தேன். பாவாடை நாடா கோப்பதற்கென்றே யாரோ எனக்காக விட்டுவைத்த மடிப்பு அது! இரண்டு பாதியையும் பக்கத்தில் சேர்த்துவிட்டால் போதும், கத்தரி கூட வேண்டாம். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போது கொடியிலிருந்து உருவினேன் என்று இப்போது நினைத்தாலும் ஞாபகம் வரவில்லை.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் தையல் மிஷின் இருந்தது. என்னைவிட ஏழெட்டு வயசுதான் மூத்தவள். துணியை மூக்கருகில் கொண்டுபோனவள் சட்டென்று கீழே வைத்தாள்.

"இன்னா புள்ள, சூடம் வாசன அடிக்குது? ஒங்க சாமி ஸ்கிரீனா?"

"அம்மாதான் எடுத்துக்கச் சொன்னாங்க."

"அல்லா அறிய நான் இதுல ஊசி வெக்க மாட்டேன். வேணும்னா நீ ஒக்காந்து மிதி."

மிதித்தேன். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று துணியைத் திருப்பி, உள்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைத்தேன். கால் ஒரு பக்கம் இழுக்க, கை ஒரு பக்கம் இழுத்தது. "கெடிலம் ஆறு மாரி வளைஞ்சு வளைஞ்சு போறியே!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நாடாவை மட்டும் அவளே கோத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், "ஸ்கிரீன் காத்துல போயிடுச்சும்மா" என்றேன். வெறும் மாடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பாவின் வெள்ளைத் துண்டை அதில் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் சிதம்பரத்துக்குக் கிளம்பும்போது புதுப் பாவாடையோடு முன்னால் வந்து நின்று, "நூர்ஜஹான் அக்கா குடுத்தாங்க" என்றேன். "நல்ல மனசு அதுக்கு" என்றாள்.

தன் சேலையை அம்மாவுக்கு அடையாளம் தெரியாதா என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாமிக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

சிதம்பரத்தில் அந்தப் பயம் பெரிதாகிவிட்டது. ரகசியம் காட்டப் போகிறார்கள் என்று கூட்டம் நெருக்கியது. அங்கேயும் ஒரு திரை தொங்கியது. மணிச்சத்தம் நாலு பக்கமும் சுற்ற, தீட்சிதர் திரையை விலக்கியதும் எல்லோரும் "சிவசிவா" என்று கை தூக்கினார்கள். நான் மட்டும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். உள்ளே இருப்பவர் என் பாவாடையைப் பார்த்து, இது நம் வீட்டுத் திரை அல்லவா என்று கேட்டுவிட்டால்? தங்க வில்வம் மினுக்கியதாகச் சொன்னார்கள். நான் பார்த்தது அம்மாவின் ஈர முதுகைத்தான்.

அங்கிருந்து சிவகாமி அம்மன் சந்நிதிக்குப் போனோம். குங்குமம் கொடுத்தார்கள். அம்மா தானும் வைத்துக்கொண்டு எனக்கும் வைத்துவிட்டாள். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே, விரலில் இருந்த மிச்சத்தை என் பாவாடையின் கீழ் முனையில் துடைத்தாள். திருப்பித் தைத்ததால் அந்த முனை இடது பக்கம் வந்திருந்தது. ஆனாலும் அம்மாவின் விரல் தேடாமல் அங்கேயே போனது, பழைய செம்மையின் மேலேயே.

சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்ததும் வாய்விட்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்டி" என்றாள். அப்புறம், "கோணலா இருந்தாலும் நல்லாத்தான் தைச்சிருக்க. எழுந்திரு, ரகசியம் பாக்காம வந்துட்டியே, திரும்பவும் போவோம்" என்றாள்.

இரண்டாம் தடவை நான் முன்னால் நின்றேன். அந்த வில்வத்தை என்னால் இன்றைக்கும் சொல்லில் எழுத முடியாது.

ஊருக்கு வந்ததும் என் பச்சைப் பாவாடையைத் துவைத்துப் பிரித்து, சாமிக்கு என்னையே திரை தைத்துப் போடச் சொன்னாள். அரக்குப் பாவாடையை நான் இரண்டு வருஷம் கட்டினேன். அதைத் தலையணை உறையாக்க மட்டும் அவள் விடவில்லை. உறவில் ஒரு கைக்குழந்தைக்குத் தூளி கட்டக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அம்மா இப்போது இல்லை. முதுநகர் வீட்டை இடித்தபோது மாடமும் போய்விட்டது. நூர்ஜஹான் அக்கா கல்யாணமாகிப் பரங்கிப்பேட்டை போனவள், பிறகு பார்க்கவில்லை. திருப்பாப்புலியூரில் இப்போது நான் இருக்கிற வீட்டில் பூஜை அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. குங்குமம் வைத்துவிட்டு, விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் இத்தனை வருஷம் குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பீரோவில் மகளின் பழைய துப்பட்டா ஒன்று கண்ணில் பட்டது, நல்ல அரக்கு. சென்னைக்கு போன் போட்டேன்.

"உன் துப்பட்டாவை சாமிக்கு ஸ்கிரீன் தைக்க எடுத்துக்கட்டுமாம்மா?"

"ஐயோ, அதுக்குப் போய் போன் பண்ணிக் கேப்பியா? எடுத்துக்கம்மா" என்று சிரித்தாள்.

கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். இரண்டு பாதியாகத் தைத்துக் கண்ணாடிக்கு முன்னால் மாட்டினேன். தையல் இப்போதும் கோணல்தான். வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்துக்கொண்டபோது, நான் நினைப்பதற்கு முன்பே கை வலது பாதியின் கீழ் முனைக்குப் போய்விட்டது.