பூசை மணிக்கு எழுதிய நிரல்

எங்கள் மாதா கோயில் மணி மின்சாரத்துக்கு மாறியதற்குக் காரணம், மணியடிக்கும் கோயில்பிள்ளையின் முழங்கால். கயிறு இழுக்க இனி கோபுரம் ஏற முடியாது என்று அவர் சொன்னதும், பங்குச்சாமியார் ஒரு மின் சுத்தியலையும் அதை இயக்கும் பெட்டியையும் வரவழைத்தார். பெட்டியைக் கணினியோடு இணைத்து ஒரு நிரல் எழுதினால் மணி தானாக அடிக்குமாம். ஏற்காட்டில் எங்கள் பங்கில் கணினி வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சாமியார் கேட்டபோது, அரைமணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியோடு ஒரு லைப்ரரி வந்திருந்தது. சி மொழியில் எழுதி, இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவத்தில் கட்டிக் கொடுத்த கட்டளை மூட்டை அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நான் எழுதுவது பைதான். பைதானிலிருந்து அந்த மூட்டையைக் கூப்பிட்டு, எத்தனை அடி, அடிக்கு அடி எத்தனை விநாடி இடைவெளி என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும்.

எட்டு அடி, ஒன்றரை விநாடி என்று கொடுத்தேன். ஒன்றரையை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என பைதான் மறுத்துவிட்டது. சரி, இரண்டு விநாடி என்று முழு எண்ணாகக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அந்தப் பணிவைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் சோதனை செய்தோம். நேரங்கெட்ட நேரத்தில் எட்டு அடி அடித்தால் ஊர் கூடிவிடும் என்று சாமியார் தயங்கியதால், ஒரே ஒரு அடி. கணீரென்று விழுந்தது. கோயில்பிள்ளை தன் முழங்காலைத் தடவிக் கொடுத்தார். ஒரே அடியில் இடைவெளி என்று ஒன்று கிடையாது என்பது அங்கிருந்த மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. அது தோன்ற வேண்டிய ஆள் நான்.

ஞாயிறு காலை, சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து நிரலை ஓட்டினேன். முதல் அடி விழுந்தது. இரண்டு விநாடி போயிற்று. பத்து போயிற்று. சுத்தியல் கெட்டுவிட்டதோ என்று எழுந்தபோது, அரை நிமிடம் கழித்து இரண்டாவது அடி விழுந்தது. பிறகு மறுபடி அரை நிமிட அமைதி.

எங்கள் ஊரில் அப்படி விட்டு விட்டு அடித்தால் அது துக்க மணி.

நிரலை நிறுத்தும் விசைகளை அழுத்தினேன். பயனில்லை. பைதான் லைப்ரரிக்குள் போய்விட்டது. அங்கிருந்து திரும்பி வரும்வரை அது என் பேச்சைக் கேட்காது. நான் விசைகளைக் குத்திக்கொண்டிருக்க, மூன்றாவதும் நான்காவதும் விழுந்தன. ஜன்னல் வழியே பார்த்தால், முக்காட்டோடு பெண்கள் கோயிலுக்கு வராமல் வேகவேகமாக எதிர் மேட்டை ஏறிக்கொண்டிருந்தார்கள். கோயில்பிள்ளை முழங்காலை மறந்து, அவர்களைத் தடுக்கப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது அடிக்குச் சாமியார் பாதி உடுத்திய அங்கியோடு உள்ளே வந்தார். கணினியையும் என்னையும் பார்த்தார். மேசையிலிருந்து பெட்டிக்குப் போன ஒயரைப் பிடித்து இழுத்தார். மணி நின்றது. பத்து வருடம் கணினியில் வேலை பார்த்தவளுக்கு அந்த ஒயர் கண்ணில் படவில்லை.

அதற்குள் யார் போனது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு மாதமாக இருமலோடு படுத்திருந்தார். எல்லோரும் அவர் வீட்டுக்குத்தான் போனார்கள். செம்மநத்தத்திலிருந்து பூசைக்கு வந்த அவருடைய சம்பந்தி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணியைக் கேட்டு, வழியிலேயே மாலையும் வாங்கிவிட்டார். வீட்டில் ரைட்டர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அழுதுகொண்டு வந்தவர்களிடம், யார் போனது என்று அவரும் கவலையாக விசாரித்திருக்கிறார். யாரென்று கோயிலிலேயே கேட்டுவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கோயிலுக்கே வந்துவிட்டார். ஒரு மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக வெளியே வந்தார்.

வாசலில் நின்று, தவறு என்னுடையது என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ரைட்டர் என் பக்கத்தில் வந்தார்.

"ஏங் கண்ணு, எனக்கா அடிச்ச?"

"இல்லைங்க, பூசைக்குத்தானுங்க."

"அஞ்சோட நின்னு போச்சே. எனக்கு அடிக்கறப்போ முழுசா அடிச்சிரு கண்ணு. ஊருல நொம்ப பேரு கேக்கோணும்."

மாலையோடு நின்ற சம்பந்திக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ரைட்டரே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். பிரசங்கம் முழுக்கச் சாமியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விளங்கியது. முழு எண்ணும் தசம எண்ணும் கணினிக்குள் வேறு வேறு இடத்தில் வைத்துக் கொடுக்கப்படுகின்றன. நான் என் இரண்டை முழு எண்ணுக்கான இடத்தில் வைத்தேன். லைப்ரரி தசமத்துக்கான இடத்தில் தேடி, வேறெதற்கோ வைத்து அங்கேயே கிடந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டது. இடைவெளி தசம எண் என்று முன்கூட்டியே பைதானிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். இம்முறை ஒன்றரையைக்கூட மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எட்டு அடியும் ஒன்றரை விநாடிக்கு ஒன்றாக அழகாக விழுந்தன. கோயிலில் பாதிப் பெஞ்சுகள் காலி. முதல் வேத வாசகம் முடிந்த பிறகுதான் கூட்டம் வந்தது. ஏன் தாமதம் என்று கோயில்பிள்ளை கேட்டதற்கு, அந்தப் பொண்ணு இன்னும் ரிப்பேர் பாத்துக்கிட்டிருக்குதுன்னு நெனச்சோமுங்க என்றார்களாம்.