எஸ்தரக்கா கேட்ட புள்ளி

கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நம் பஞ்சாயத்து கிளார்க் மகராசன் அண்ணாச்சி சைக்கிளை என் முன்னால் நிறுத்தினார்.

"எஸ்தர் போயிட்டாளா" என்றார்.

"எங்க அண்ணாச்சி? யூனியன் ஆபீசுக்கா? எனக்கெப்படித் தெரியும்?"

"கேக்கலட்டி. சொல்லுதேன்."

பெண்பிள்ளைகளிடம் பேசும்போது நம் ஊர்க்காரர்கள் வாக்கியத்தின் வாலில் ஒட்டவைக்கும் அந்த 'ளா'வை நான் கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். என் சேட்டைகளுக்குப் பழிவாங்க நடக்கும் நாடகமோ என்றுகூட நினைத்தேன். அவர் முகத்தில் நாடகம் இல்லை. விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்போது நான் வீட்டில் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

எஸ்தரக்காவை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பஞ்சாயத்துத் தலைவரான பிறகும் மடியில் பீடித்தட்டு இருக்கும். கை சுற்றிக்கொண்டிருக்கும், வாய் மனு விசாரிக்கும். ஜெயித்த புதிதில் டீக்கடையில் ஒருவர் அவர் காதுபடவே, "பீடி சுத்துறவ ஊரைச் சுத்தமா வச்சிருவாளாக்கும்?" என்றார். எஸ்தரக்கா நின்று, "சுத்தினாத்தான அண்ணாச்சி சுத்தம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தெருத்தெருவாகச் சுற்ற ஆரம்பித்தார். சிலேடை என் ஒருத்தியின் சொத்து என்று நினைத்திருந்த எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சுற்றியதில் அவர் கண்டுபிடித்தது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பாத்திரம் கழுவிய தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் சந்து வழியாக ஓடிக் கால்வாயில் விழுகிறது. அதே கால்வாயில்தான் குளிக்கிறோம், அதே தண்ணீரைத்தான் குடத்தில் தூக்குகிறோம். வீட்டுக்கு வீடு புறவாசலில் ஒரு உறிஞ்சுகுழி வெட்டி, அவரவர் அழுக்குத் தண்ணீரை அவரவர் மண்ணே குடிக்கும்படி செய்யவேண்டும் என்றார். அதையும் தலைவர் உத்தரவாகப் போட அவருக்கு மனமில்லை. ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று நின்றார்.

அங்கேதான் சிக்கல். நம் ஊர்க் கூட்டம் நோட்டில் மட்டுமே கூடும். மகராசன் அண்ணாச்சி நோட்டோடு வீடு வீடாக வருவார், நாம் அடுப்படியில் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். எஸ்தரக்கா அந்த நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "ஆளு வராம கையெழுத்து மட்டும் வந்தா அது ஊர்க்கூட்டமா அண்ணாச்சி? வெறும் பேர்க்கூட்டம்."

பஞ்சாயத்துக் கரும்பலகையில், 'குடியரசு தினத்தன்று கிராம சபை கூடும்' என்று எழுதிப் போட்டார்கள். சாயங்காலம் நான் அந்தக் கடைசி எழுத்தின் புள்ளியை விரலால் அழித்தேன். பக்கத்தில் ஒரு கால் வரைந்து கேள்விக்குறியும் போட்டேன். 'கூடுமா?'

மறுநாள் பலகைக்கு முன்னால் ஊரே நின்று சிரித்தது. மகராசன் அண்ணாச்சி ஈரத்துணியோடு ஓடிவந்தார். எஸ்தரக்கா தடுத்தார்.

"அழிக்காதீங்க. நோட்டீசை நின்னு வாசிக்காத ஊரு இதை வாசிக்குதுல்லா? கெடக்கட்டும்."

கூடுமா கூடாதா என்று பார்க்க வந்தவர்களாலேயே கூட்டம் கூடிவிட்டது. தீர்மானம் நிறைவேறியதும் எஸ்தரக்கா என் பக்கம் திரும்பினார். "ஊர்ல பெரிய புள்ளியெல்லாம் வரல. சின்னப் புள்ளிய அழிச்ச பிள்ளை வந்திருக்கு. ஏட்டி, கூட்டம் கூடிட்டுல்லா? போயி புள்ளிய வச்சிட்டு வா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில், "அடுத்த கூட்டத்துக்கு வைக்கேன்க்கா" என்று ஓடிவிட்டேன்.

குழிகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் வீட்டில் வரவில்லை. "ஊர் பூரா வெட்டட்டும், கடைசில பாப்பம்" என்றார் அப்பா. கடைசியும் வந்தது. படித்துறைக்கு மேலேயே இருக்கும் எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. எஸ்தரக்கா தன் மண்வெட்டியோடு எங்கள் புறவாசலுக்கு வந்தார்.

"உங்க அப்பா அசையமாட்டாரு. நீயாவது வெட்டுட்டி."

"பெத்த அப்பாவுக்கே குழி பறிக்கச் சொல்லுதீங்களேக்கா, நல்லாருக்கா?"

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "பறிச்சாத்தான் பாவம். வெட்டுனா அது வேலை" என்றவர், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "பரீட்சை முடியட்டும். இது இங்கன கெடக்கட்டும்."

பரீட்சை முடிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பெட்டியோடு இறக்கினார்கள். மண் போட வரிசையில் நகர்ந்தபோது, நான் கேலியாகச் சொன்ன அந்தச் சொல் என் காலடியில் திறந்து கிடந்தது. எஸ்தரக்கா கேட்ட குழியைப் பரீட்சைக்குப் பிறகு என்று தள்ளிவிட்டு, அவருக்கு வெட்டிய குழிக்கு மண் போட வந்து நிற்கிறேனே என்று அழுதேன். அதற்குப் பிறகு அந்தச் சிலேடை என் வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய மண்வெட்டியை எடுத்தேன். சத்தம் கேட்டு வந்த அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு, "பையப் பைய வெட்டு, கால்ல போட்டுக்கிடாத" என்று சொல்லிவிட்டு, குழியில் நிரப்ப உடைந்த செங்கல் பொறுக்கப் போனார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அரைநாள் வேலைதான். அவர் கண்ணால் பார்க்க அந்த அரைநாளை என்னால் கொடுக்க முடியவில்லை.

மே தினக் கூட்டத்துக்குப் பலகை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கடைசி எழுத்தில் சாக்பீஸ் நின்றுவிட்டது.

"என்னட்டி, இந்தத் தடவையும் கேள்வி கேக்கப் போறியா?" என்றார் பின்னால் நின்ற மகராசன் அண்ணாச்சி.

"கேக்கல அண்ணாச்சி. சொல்லுதேன்."

புள்ளியை வைத்தேன்.

எஸ்தரக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரு மண்வெட்டியும் ஒரு புள்ளியும். மண்வெட்டியை அவர் வீட்டில் கேட்டால் கழுவிக் கொடுத்துவிடுவேன். புள்ளியைத் தரமாட்டேன்.