அக்கா வீட்டுத் தலையிடி

லா சப்பலில் கடைகளுக்குப் பின்னால், ஒரு முற்றத்தைத் தாண்டிப் போனால் வருகிற சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஓர் அறை எங்களுக்கு; மேலே வீட்டுக்காரர்கள். கீழ்ச் சமையலறையில் வீட்டுக்கார அக்கா கடைகளுக்கு ரோல்ஸும் பற்றீஸும் பொரித்துக் கொடுப்பார். நான் அவருக்கு உதவி. என் கணவருக்கு விமான நிலையத்தில் வேலை. விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்.

அந்த வருடம் குளிர் தொடங்கியபோது, எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்குகிற பழைய ஷோடியேர் பழுதாகிவிட்டது. அந்த வகையில் புதிதாக ஒன்று பொருத்த இப்போது இங்கே அனுமதி இல்லை. வீட்டுக்கார அண்ணை, வில்லியே லே பெல்லில் யாரோ கழற்றிப் போட்டிருந்த ஒன்றை வான் வண்டியில் ஏற்றிவந்தார். அவருக்குத் தெரிந்த இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பொருத்தினார்கள். சமையலறையை ஒட்டிய அந்தச் சிற்றறைக்கு அன்றிலிருந்து பூட்டு. திறப்பு அண்ணையின் சட்டைப்பையில்.

"ஏன் அண்ணை பூட்டி வைச்சிருக்கிறியள்?"

"உமக்கு அங்கை என்ன அலுவல், பிள்ளை? வீடு சூடாய்த்தானே கிடக்கு."

வீடு சூடாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தலையிடி தொடங்கியது. காலையில் எழும்பும்போது ஒன்றும் இருக்காது. அக்கா அடுப்பை மூட்டி, அதன் மேலே புகை இழுக்கும் பெரிய விசிறியைப் போட்டு, எனக்கொரு தேத்தண்ணி தருவார். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் விண் விண்ணென்று இடிக்கும், வயிற்றைப் பிரட்டும். சாமான் வாங்கத் தெருவுக்குப் போனால் சுகமாகிவிடும். திரும்பி வந்தால் மறுபடியும் அதே இடி.

கூசேன்வில்லில் இருந்த தன் தம்பிக்கு எங்கள் அறை தேவைப்படும் என்று அண்ணை இரண்டொரு தரம் சாடையாகச் சொல்லியிருந்தார். தலையிடியையும் இதையும் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. தேத்தண்ணியில் என்னவோ கலக்கிறார்கள். அக்கா பார்க்காத நேரம் கோப்பையைத் தொட்டியில் ஊற்றத் தொடங்கினேன். கணவரிடம் சொன்னேன்.

"உனக்கு ஆரைப் பார்த்தாலும் சந்தேகம்" என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

கந்தசஷ்டி வந்தது. நான் விரதம். நானே குழாயில் பிடித்த தண்ணீரைத் தவிர அந்தச் சமையலறையில் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. அப்படியிருந்தும் தலை இடித்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. தேத்தண்ணி இல்லையென்றால் வேறென்ன?

அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. "ஏலாமக் கிடக்கு பிள்ளை" என்றவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

நான் போட்ட சத்தத்தில் அண்ணை மேலிருந்து ஓடிவந்தார். நான் போனை எடுத்ததும் கையைப் பிடித்தார்.

"பொம்பியேயைக் கூப்பிடாதையும்! உள்ளை வந்தால் ஷோடியேரைக் காண்பாங்கள். நான் காரிலை கொண்டுபோறன்."

"அண்ணை, அக்கா மூச்சு விடுறதே தெரியேல்லை. கையை விடுங்கோ!"

உதறிவிட்டுக் கூப்பிட்டேன்.

பொம்பியே, அதாவது மயங்கி விழுந்தாலும் வருகிற தீயணைப்புக்காரர்கள், வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், ஒருவரின் பையில் தொங்கிய சின்னக் கருவி கீச்சென்று கத்தத் தொடங்கியது. அவர்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு எங்களையும் முற்றத்துக்குத் தள்ளினார்கள். அந்தக் குளிர்காற்றை வாயைத் திறந்து குடித்தேன்.

அண்ணை திறப்பைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த அறையின் சுவரில், நிலத்தோடு, வெளிக்காற்று வருவதற்கென்று இருந்த கம்பித் துவாரத்தை யாரோ காட்போட் மட்டையால் அடைத்து ஒட்டியிருந்தார்கள். புகைக்குழாயும் புகைபோக்கியோடு சரியாகப் பொருந்தவில்லை. தீயணைப்புக்காரர்களில் மூத்தவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்: நெருப்பு எரியக் காற்று வேண்டும். சமையலறை விசிறியோ வீட்டிலிருக்கிற காற்றையெல்லாம் வெளியே இழுக்கிறது. உள்ளே வர வேறு வழி இல்லாததால், காற்று புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கியது. மேலே போகவேண்டிய நச்சு வாயுவையும் கூட்டிக்கொண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை.

ஆசுப்பத்திரியில் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். கன நேரத்துக்குப் பிறகு அக்கா முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"உன்ரை கண்ணூறுதான் எண்டு நினைச்சன், பிள்ளை. நீ என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. ஒளிச்சு வைச்சு உப்பு மிளகாய் எல்லாம் சுத்திப் போட்டன்."

"நீங்கள் தேத்தண்ணிக்குள்ளை மருந்து போடுறியள் எண்டு நான் நினைச்சன், அக்கா."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு இருமல், பிறகு அழுகை. தாதி வந்து முகமூடியைத் திரும்ப அழுத்திவிட்டுப் போனார்.

அதிகாரிகள் வந்து ஷோடியேரைப் பாவிக்கக்கூடாதென்று முத்திரையிட்டுப் போனார்கள். துவாரத்தை அடைத்தது அதைப் பொருத்த வந்தவர்கள் என்று அண்ணை சொன்னார். எலி வருகிறதென்று அண்ணையே பிறகு அடைத்திருக்கிறார் என்று அவர்கள் சொன்னார்கள். மட்டையில் ஒட்டியிருந்தது ரோல்ஸ் பெட்டிகளுக்கு ஒட்டுகிற அதே மண்ணிற ரேப். பெட்டிகளை ஒட்டுவது அண்ணையின் வேலை. அவர் அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

அந்த மாதமே ஒபர்வில்லியேயில் ஒரு வீடு பார்க்கப் போனோம். ஏஜென்சிப் பெண் சமையலறையையும் ஜன்னல் வெளிச்சத்தையும் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், இந்த வீட்டுக்குள் காற்று எங்கால் வருகிறது, எங்கால் போகிறது என்று கேட்டேன். அவள் சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, சுவரிலிருந்த துவாரத்தின் முன்னால் கையை விரித்துப் பிடித்துப் பார்த்தார்.