செல்வத்தின் குதிகால்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் என்னோடு வளர்ந்த செல்வம் நாற்பது வருடம் கழித்து வந்திருந்தான். அவனுக்காக மனைவி கோப்பித்தூள் டப்பாவைத் திறந்ததும் எனக்கு அவனுடைய குதிகால் ஞாபகம் வந்தது.

எங்களுக்குப் பன்னிரண்டு வயது. தை மாதக் குளிரில், பன்வில இறக்கத்தில், ஒரே சைக்கிளில் தேத்தண்ணி குடிக்கப் போனோம். மிதித்தது நான். பின்னால் இருந்த செல்வத்தின் கால் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. தேத்தண்ணிக் கடை, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துக் கிடங்கு ஒன்றில் இருந்தது. கடைக்கார நானா கோப்பித்தூளை அள்ளி இரத்தத்தின் மேல் அப்பினார். “அழாத மகன், இப்ப நின்டுரும்,” என்றார். பனிக்குள் கேட்ட அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

“என்னைய மன்னிச்சிரு செல்வம்,” என்றேன், கோப்பிக் கோப்பையை அவனிடம் நீட்டி.

“எதுக்குடா? மிதிச்சது நான். ஒன் காலுதான் மாட்டுச்சு.”

இரண்டு குதிகாலையும் தூக்கிக் காட்டினான். ஒரு கீறல்கூட இல்லை. என் குதிகாலில் ஒரு தழும்பு உண்டு. மண்வெட்டி பட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சைக்கிள் ஹேண்டிலின் சில்லிப்பு என் உள்ளங்கையில் இருக்கிறதே?

“அப்ப அழுதது யாரு?”

செல்வம் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நான்தான். நீ அழவே இல்ல. அதான் பயந்துட்டேன்.”