ராணி அக்கா பஸ் ஏறிய வருஷம்

மண்டபத்துக்குள் நுழையும்போதே தேங்காய் எண்ணெயும் சூடான மைலோவும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். வெளியே இன்னும் விடிந்திருக்காது, சிமெண்டுத் தரை பாதத்தில் சில்லென்று ஒட்டும், நாங்கள் அரைத் தூக்கத்தில், சீருடையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் அப்போது பாதித் தாய்மார்களுக்குச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில் வேலை. இருட்டோடு இருட்டாக "ஃபேக்டரி பஸ்" வந்து ஹாரன் அடித்து அவர்களை அள்ளிக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்டிவிடும். அப்பாக்கள் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தார்கள். பலர் அதற்கும் முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் கிளம்பியிருப்பார்கள், மீதிப் பேருக்குச் சடை பின்னத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் எங்கள் மகளிர் மன்றம் வேலை செய்தது. வேலைக்குப் போகாத சில பெண்கள் சேர்ந்து, விடியுமுன்னே தாமான் மண்டபத்தைத் திறந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ரொட்டியும் மைலோவும் கொடுத்து, தலைவாரித் தமிழ்ப்பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள். தலைவி மகேஸ்வரி அக்கா. அவர் கணவருக்கு அரசாங்க வேலை. பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவர் "அக்கா"தான். என் தம்பிக்கு ஒரு நாள் காய்ச்சல் கொதித்தபோது, தன் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப்போய், கஞ்சி வைத்துக் கொடுத்து, தன் கட்டிலில் படுக்கவைத்திருந்தார். சாயங்காலம் அம்மா பதறியடித்து ஓடி வந்தபோது, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானே வளரும்" என்றார். அது அவர் எப்போதும் சொல்வது. அம்மா கைகூப்பியது எனக்கு நினைவிருக்கிறது.

தலைவாருவது ராணி அக்கா. அவர் பின்னினால் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும், வலிக்கிறது என்று சிணுங்கினால், "மத்தியானம் அவுந்து தொங்குனா அப்ப யாருடி வருவா?" என்று இன்னும் ஒரு இழுப்பு இழுப்பார். லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் முதுகில் அடிபட்டு அந்த வருஷம் படுக்கையில் விழுந்தார். வீட்டில் உலை வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ராணி அக்காவும் பஸ் ஏறப் போகிறார் என்ற பேச்சு கிளம்பியதும் என் அம்மா கணக்குப் போட ஆரம்பித்தார். ராணி போனால் மன்றம் நொண்டும், மன்றம் படுத்துவிட்டால் காலையில் எங்களைப் பார்க்க ஆளில்லை, அம்மாவின் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடன் கட்ட வழியில்லை.

தாய்மார்கள் கூடிப் பேசி, ராணி அக்காவுக்கு மாதம் ஏதாவது கொடுத்து நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். "மகேஸ்வரியக்கா சரின்னு சொன்னா வாங்கிக்கறேன்" என்றார் ராணி அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபத்துக்குப் பேசப் போனார். நான் அங்கேதான், ராணி அக்காவின் முழங்காலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறுதோறும் எங்களுக்குப் பேன் பார்க்கும் நாள்.

"அவளும் பாவம்க்கா, வீட்டுக்காரரு படுத்துக் கெடக்காரு. நாங்க எல்லாரும் சேந்து குடுக்கிறோம். நீங்க சரின்னு சொன்னா போதும்லா" என்றார் அம்மா.

மகேஸ்வரி அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா பேச்சு இது? காசு வாங்கிட்டுப் பிள்ளைங்கள பாக்கறதுக்கு இது என்ன தோட்டத்து ஆயாக் கொட்டாயா? நாம செய்யறது சேவைம்மா."

ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போக, தோட்டங்களில் தொட்டில் கட்டிய ஒரு கொட்டகை இருக்கும். அங்கே கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர் ஆயா. கூலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் ராணி அக்காவின் அம்மா காலமெல்லாம் ஆயாவாக இருந்தவர். மகேஸ்வரி அக்காவுக்கு அது தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். என் தலையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "அக்கா சொல்றதும் சரிதான். விடுங்க" என்று ராணி அக்கா மறுபடி பேன் பார்க்கத் தொடங்கினார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்துக் காப்பாற்றியவரிடம் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது?

அடுத்த மாதம் ராணி அக்கா பஸ்ஸில் என் அம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். அவர் மகள் கவிதா எங்களோடு மண்டபத்து வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஊரார் பிள்ளைகளை அவ்வளவு ஊட்டியும் அவர் பிள்ளை தானே வளர்ந்துவிடவில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் வீட்டில் "நீயும் போனா என்ன?" என்ற கேள்வி வராமல் இருக்குமா? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மகேஸ்வரி அக்கா மட்டும் தனியாகத் தண்ணீர் காயவைத்துப் பார்த்தார். முடியவில்லை. மண்டபம் பூட்டப்பட்டது.

அம்மா என்னை சலூனுக்குக் கூட்டிப்போய் முடியைக் காதுவரை வெட்டிவிட்டார். கவிதாவுக்கும் அதே வெட்டு. பிறகு காலையில் எங்களோடு இருப்பதற்காக அம்மா இரவு ஷிப்டுக்கு மாறினார். வந்ததும் எங்களைக் கிளப்பிவிட்டுப் படுத்துவிடுவார், நாங்கள் பள்ளி விட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார், இருட்டியதும் கிளம்பிவிடுவார். என் பள்ளிக்காலத்து அம்மா என்றால் எனக்குத் தூங்குகிற முகம்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது நானும் பாலம் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். என் மகளைக் காசு கட்டும் காப்பகத்தில் விடுகிறேன். நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு உடம்பு சுட்டால் உடனே போன் வரும், வந்து கூட்டிப்போகச் சொல்லி. பாலத்தின் நெரிசலில் நின்றுகொண்டு நான் யாரைக் கூப்பிடுவது?

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மகேஸ்வரி அக்காவைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்துவிட்டார். பழைய பேச்சு வந்தது. "எங்க வீட்டுக்காரரு சம்பளம் மாசம் தவறாம வந்துச்சும்மா. அதனால எனக்குச் சேவை செய்ய முடிஞ்சுச்சு. ராணியால முடியாதுன்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல" என்றார்.

"இத ராணியக்காகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தா, சாப்பிட்டியான்னு கேப்பேன். சாப்பிட்டேன்க்கான்னு சொல்லுவா. அதோட சரி."

இருவர் வீடும் இன்றும் அதே தாமானில்தான், கொல்லைப்புறத்தோடு கொல்லைப்புறம் ஒட்டியபடி இருக்கின்றன. ஒருவர் சமையலறையில் விளக்குப் போட்டால் மற்றவருக்குத் தெரியும்.