பத்து லட்சத்து ஒன்பது

ஸ்கெட்ச் பேனாவின் நெடி மூக்கில் ஏற, குரோம்பேட்டையில் நாங்கள் படித்த பள்ளியின் கணக்குக் கண்காட்சியில், 10,00,009 என்று சிவப்பில் எழுதிய சார்ட்டுக்கு முன்னால் நானும் மலர்விழியும் நின்றிருந்தோம். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், ஒன்பதாம் வகுப்பு.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் அது என்று காட்டுவதாக மலர் பெயர் கொடுத்திருந்தாள். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ ஆயிரம் என்பதால், ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். முதல் எண்பத்து நான்கு எனக்கு, மீதி அவளுக்கு. திருமுடிவாக்கம் பட்டறையிலிருந்து அப்பா கொண்டுவரும் பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் மூன்று வாரம் வகுத்தோம். "இன்னாடி இது, ஒரே பேஜாரா கீது" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் சித்தி வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், 281 முதல் 317 வரை ஏழு எண்களை வகுக்காமலே 'வகுபடாது' என்று டிக் போட்டுவிட்டேன். இத்தனை எண்களுக்கு வகுபடாதது இந்த ஏழுக்கா வகுபடப்போகிறது என்ற அசட்டுத் தைரியம்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை இரண்டு மேசை தள்ளி, "எங்க, என் முன்னாடி ஒண்ணு போட்டுக் காட்டு" என்று யாரையோ கேட்டதும் எனக்கு அந்த ஏழு எண்கள் நினைவுக்கு வந்தன. மேசைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு நோட்டைத் திறந்தேன். 281-க்கு மீதி 211. 283-க்கு 170. அடுத்தது 293. கடைசி வரியைக் கழித்தபோது சுழியம் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் சுழியம்.

"மலர், இது பகா எண் இல்லடி."

"என்னடி சொல்ற? நீதான போட்ட?"

"ஏழு மட்டும் போடல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதற்குள் பேராசிரியை வந்துவிட்டார். மலர் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, 'பகா எண்' என்ற தலைப்பை அவர் கண்ணெதிரே அடித்து, என் நோட்டைப் பார்த்துக் கீழே 293 × 3413 என்று எழுதினாள்.

"தப்பாப் போட்டுட்டோம் மேடம். இப்பதான் கண்டுபிடிச்சோம்" என்றாள்.

"நான்தான் மேடம், வகுக்காமலே டிக் போட்டேன்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். பரிசு வேறு மேசைக்குப் போனது.

பள்ளி இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். பத்து லட்சத்து ஒன்பதின் காரணிகளைக் கைபேசி இமைப்பதற்குள் சொல்லிவிடுகிறது. மலர் மேடவாக்கத்தில்தான் இருக்கிறாள். வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கண்காட்சிக்குப் பிறகு பள்ளி முடியும்வரை, நான் சொன்ன எந்த விடையையும் தானும் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அவள் எழுதிக்கொண்டதே இல்லை.